வோல்டேஜைத் திருப்பினால் காந்தம் மாறுகிறது. மாற்றியது எது?

மெல்லிய காந்தப் படலம் ஒன்று. அதன் மேலே ஒரு கேட், கீழே ஒரு கேட் (படலத்தைத் தொடாமல், மின்காப்புக்கு அப்பாலிருந்து வோல்டேஜ் கொடுக்கும் மின்முனை). வோல்டேஜைச் சிறிது ஏற்றியதும் காந்த வளைவு (வெளிக் காந்தப்புலத்துக்கு எதிரே காந்தமாக்கத்தை வரைந்த கோடு) இடம் மாறுகிறது. உடனே "மின்புலத்தால் காந்தத்தைக் கட்டுப்படுத்தினோம்" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் வோல்டேஜ் ஏறும்போது மூன்று காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. படலத்துக்குள் மின்னூட்டம் நிரம்புகிறது. படலத்தின் குறுக்கே மின்புலம் நிற்கிறது. கசிவு மின்னோட்டம் இருந்தால் சூடும் ஏறுகிறது. இந்த மூன்றில் ஒவ்வொன்றுமே தனியாகக் காந்தத்தை மாற்றக்கூடியது. எது மாற்றியது என்று பிரித்துக் காட்டாத வரைபடத்துக்கு என் கணக்கில் பாதி மதிப்புதான்.

அந்தப் பிரிப்பை எப்படிச் செய்வது, அதற்கான சாதனத்தை எப்படி அடுக்குவது, எங்கே கோளாறு வரும் என்பதே இந்தப் பதிவு. தென் ஆப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் இயற்பியல் மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். அதனால் டர்பன் ஈரக்காற்றும் மின்வெட்டும் நடுநடுவே வரும்.

ஏன் இவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும்? உலோகத்தின் மேற்பரப்பில் விழும் மின்புலத்தை அங்குள்ள எலக்ட்ரான்களே ஒரு நானோமீட்டருக்குள் மறைத்துவிடும். நூறு நானோமீட்டர் தடிமனான இரும்புப் படலத்தில் எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் உள்ளே இருக்கும் காந்தத்துக்கு அது தெரியாது. 2000ஆம் ஆண்டு ஹிடேயோ ஓனோவின் குழு இண்டியம் மாங்கனீசு ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் 125 வோல்ட் வரை கேட் கொடுத்து ஃபெரோகாந்தத்தை (அணுக்களின் காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும் நிலை) ஏற்றி இறக்கிக் காட்டியது. அதுவும் முப்பது கெல்வினுக்குக் கீழே. 2007இல் இரும்பு பிளாட்டினம், இரும்பு பல்லேடியம் படலங்களை மின்பகுளியில் நனைத்து, சில நானோமீட்டர் தடிமனில் சில சதவீத மாற்றம் பார்த்தார்கள். இரண்டிலும் கற்றுக்கொண்டது ஒன்றே: காந்தம் முழுவதும் மேற்பரப்பாகவே இருந்தால்தான் கேட்டின் கை முழுதாக எட்டும்.

2017இல் அது கிடைத்தது. குரோமியம் ட்ரை-அயோடைடு ஒற்றை அடுக்கிலும், குரோமியம் ஜெர்மானியம் டெல்லூரைடு இரண்டு அடுக்கிலும் காந்தமாகவே இருப்பதை ஒரே ஆண்டில் இரண்டு குழுக்கள் காட்டின. முன்னதன் கியூரி வெப்பநிலை (அதற்கு மேல் காந்தம் அழியும்) பெரும் படிகத்தில் 61 கெல்வின், ஒற்றை அடுக்கில் 45 கெல்வின். எல்லாத் திசையும் ஒன்றாக இருக்கும் இரு பரிமாணக் காந்தம் தனிப்பூஜ்யத்துக்கு மேல் எந்த வெப்பநிலையிலும் நிலைக்காது என்பது 1966ஆம் ஆண்டின் மெர்மின்-வாக்னர் தேற்றம். இங்கே ஸ்பின்கள் (எலக்ட்ரான்களின் குட்டிக் காந்தங்கள்) தளத்துக்குச் செங்குத்தாக நிற்கவே விரும்புவதால் அந்தத் தடை பொருந்தவில்லை.

குரோமியம் ட்ரை-அயோடைடின் இரட்டை அடுக்குதான் நம் வேலைக்கு ஏற்றது. ஒவ்வொரு அடுக்கும் தனக்குள் ஃபெரோகாந்தம். ஆனால் மேலடுக்கு மேல்நோக்கினால் கீழடுக்கு கீழ்நோக்கும். மொத்தத்தில் ஆன்டிஃபெரோகாந்தம். வெளியிலிருந்து சுமார் 0.65 டெஸ்லா செங்குத்தாகக் கொடுத்தால் ஒரு அடுக்கு புரண்டு இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும். இந்த இடத்தைப் புரட்டுப் புலம் என்று அழைக்கிறேன். இந்தப் பதிவில் அளப்பது முக்கால்வாசி அதைத்தான்.

கேட் கணக்கு

அளவுக்கு உட்காருமுன் பென்சிலும் தாளும் எடுங்கள். இரண்டு பக்கமும் மின்காப்பாக அறுகோண போரான் நைட்ரைடு 20 நானோமீட்டர், மின்காப்பு மாறிலி 3 என்று வையுங்கள். ஒரு வோல்ட்டுக்கு ஒரு கேட் ஏற்றும் மின்னூட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 8.3 × 10¹¹ எலக்ட்ரான். இரண்டு கேட்டிலும் +10 வோல்ட் கொடுத்தால் 1.7 × 10¹³ எலக்ட்ரான் ஏறும். இரண்டு பக்கப் புலமும் நடுவில் ஒன்றை ஒன்று அழிப்பதால் படலத்தின் குறுக்கே நிகரப் புலம் பூஜ்யம். கீழ்க் கேட்டில் +10, மேல் கேட்டில் −10 என்றால் தலைகீழ்: நிகர மின்னூட்டம் பூஜ்யம், போரான் நைட்ரைடில் 0.5 வோல்ட்/நானோமீட்டர் புலம். பிரிப்பின் முழு உத்தியும் இதுதான். ஒற்றைக் கேட் சாதனத்தில் மின்னூட்டமும் புலமும் எப்போதும் சேர்ந்தே வரும். ஆகவே ஒற்றைக் கேட் தரவை வைத்துக்கொண்டு "புலத்தால்" என்று எழுத இடமில்லை.

இரட்டை அடுக்கில் எலக்ட்ரான் ஏற்றம் 2.5 × 10¹³ஐத் தாண்டினால் காந்தப்புலமே இல்லாமல் ஆன்டிஃபெரோகாந்தம் ஃபெரோகாந்தமாக மாறிவிடும் என்று 2018இல் வெளியானது. அந்த அளவை எட்ட மேற்சொன்ன சாதனத்தில் இரண்டு கேட்டிலும் 15 வோல்ட் வேண்டும், அதாவது 0.75 வோல்ட்/நானோமீட்டர். போரான் நைட்ரைடை மெலிதாக்கினால் இன்னும் ஏற்றலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். வோல்ட் குறையுமே தவிர உச்ச மின்னூட்டம் மாறாது. உச்சத்தை நிர்ணயிப்பது உடையும் புலம். தடிமன் கணக்கில் அடிபட்டுப் போகிறது. ஐந்து நானோமீட்டருக்குக் கீழே போனால் எலக்ட்ரான்கள் ஊடுருவத் தொடங்கி நிலைமை மோசமாகும். நல்ல துண்டு 0.8 வரை தாங்கும். ஆனால் மடிப்போ படி வெட்டோ உள்ள துண்டு 0.5க்குள்ளேயே கசியும். பதினைந்து முதல் முப்பது நானோமீட்டர் வரை, ஒரே சமதளமாக, விளிம்பிலிருந்து விளிம்புவரை படியில்லாத துண்டைத் தேடுங்கள்.

தடிமன் அளப்பதில் சோம்பல் கூடாது. மேல் போரான் நைட்ரைடு 18, கீழ் 25 நானோமீட்டர் என்று வையுங்கள். கீழே +10 கொடுத்தால் மின்னூட்டத்தைப் பூஜ்யத்தில் நிறுத்த மேலே −7.2 வேண்டும். "எதிர்க்குறி போட்டால் போதும்" என்று −10 கொடுத்தால் 2.6 × 10¹² துளைகள் (எலக்ட்ரான் இல்லாத நேர் மின்னூட்ட இடங்கள்) ஏறிவிடும். நிலைமாற்றத்துக்கு வேண்டிய மின்னூட்டத்தில் அது பத்தில் ஒரு பங்கு. அந்த மின்னூட்டத்தின் விளைவைப் புலத்தின் விளைவென்று வெளியிடும் வாய்ப்பு மிக அதிகம்.

அடுக்குவது

போரான் நைட்ரைடைப் பொறுத்தவரை உலகில் நல்ல படிகங்களில் பெரும்பாலானவை ஜப்பானில் த்ஸுகுபாவில் வாட்டனாபேயும் தனிகுச்சியும் வளர்த்தவை. கூட்டாய்வு மூலம் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். விற்பனைக்குக் கிடைக்கும் படிகங்களும் கேட்டுக்குப் போதும். ஒவ்வொரு துண்டையும் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். குரோமியம் அயோடைடு வாங்கலாம், அல்லது குரோமியத் தூளையும் ஈரமற்ற அயோடினையும் 1:3 விகிதத்தில் குவார்ட்ஸ் குழாயில் வெற்றிடமாக அடைத்து 650 °C சூட்டில் வளர்க்கலாம். அயோடின் 184 °C தாண்டியதும் கொதிப்பதால் வேகமாகச் சூடேற்றினால் குழாய் வெடிக்கும். ஏற்றத்தை நாள் கணக்கில் வையுங்கள். (குரோமியத் தாது உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் தென் ஆப்பிரிக்காவுக்கு, புஷ்வெல்ட் பகுதியின் பாறைகளில் அது ஏராளம். நமக்குத் தேவை ஒரு கிராம்.)

குரோமியம் அயோடைடு காற்றைத் தாங்காது. ஈரத்தை உறிஞ்சி, வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாகக் கரைந்து, மெல்லிய துண்டு சில நிமிடங்களில் சொட்டுச் சொட்டாக நீர்த்துப் போகும். ஆகவே உரிப்பதிலிருந்து மூடி முடிக்கும்வரை எல்லாம் கிளவ் பாக்ஸுக்குள் (மந்த வாயு நிரப்பி, பதித்த கையுறை வழியே வேலை செய்யும் அடைத்த பெட்டி). ஆக்சிஜனும் ஈரமும் 0.5 பிபிஎம்முக்குக் கீழே. இங்கே தைப்பூசக் காவடி கொளுத்தும் கோடையில் வரும். சமையலறை உப்பு கட்டிதட்டும் அதே வாரங்களில் கிளவ் பாக்ஸின் ஈர அளவும் ஏறும், ஆக்சிஜன் அளவு அப்படியே இருக்கும். அதைக் கண்டு உடனே கசிவு தேடி அலைய வேண்டாம். நீராவி ரப்பர் கையுறை வழியாகவே ஊடுருவும். பியூட்டைல் கையுறை போடுங்கள், வேலையில்லாத நேரம் கையுறைத் துவாரங்களை மூடி வையுங்கள், அறையின் ஈரநீக்கியை நிறுத்தாதீர்கள். பக்க அறையில் மூன்று முறை காற்றிழுத்து நிரப்புவது உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் போதும். காகிதம், துடைப்பான், சிலிக்கோன் ரப்பர் எல்லாம் ஈரத்தைத் தேக்கி வைக்கும். அவற்றை இரவு முழுவதும் வெற்றிடத்தில் விட்டுத்தான் உள்ளே எடுக்க வேண்டும்.

கிளவ் பாக்ஸைச் சீக்கிரம் கொல்வது குளோரோஃபார்ம். அதன் ஆவி சுத்திகரிப்பானின் செம்பு வினையூக்கியைக் கெடுக்கும், மறுபடி ஹைட்ரஜன் கலவை ஓட்டினாலும் மீளாது. ஆகவே பாலிகார்பனேட் படலத்தை வெளியே தயாரித்து, நன்கு காயவைத்து உள்ளே கொண்டு வாருங்கள். கடைசியில் படலத்தைக் கரைப்பதும் வெளியேதான். அதற்குள் குரோமியம் அயோடைடு முழுதாக மூடப்பட்டிருக்கும்.

செய்முறை: பாலிகார்பனேட்டை எடையில் ஆறு சதவீதமாகக் குளோரோஃபார்மில் கரைத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டு வைத்து இழுத்தால் சீரான படலம் கிடைக்கும். அதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரச் சிலிக்கோன் ரப்பர் மேட்டின்மேல் போர்த்துங்கள். கிராஃபைட், போரான் நைட்ரைடு, காந்தத் துண்டு மூன்றையும் தனித்தனியாகச் செலோடேப்பில் உரித்து, 285 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கான் தகடுகளில் ஒட்டித் தேர்ந்தெடுங்கள். எடுக்கும் வரிசை மேலிருந்து கீழ்: மேல் கேட் கிராஃபைட், மேல் போரான் நைட்ரைடு, தொடுமுனைக் கிராஃபைட் (காந்தத் துண்டுக்கு மின்னிணைப்பு), காந்தத் துண்டு, கீழ் போரான் நைட்ரைடு, கீழ் கேட் கிராஃபைட். எடுக்கும்போது தகட்டின் சூடு 80 முதல் 110 °C. இறக்கும்போது 170 முதல் 180 °C ஆக்கி, படலத்தை உருக்கித் தகட்டோடு விட்டுவிடுங்கள். இறக்கும் தகட்டில் டைட்டானியம் 5, தங்கம் 40 நானோமீட்டர் மின்முனைகள் முன்கூட்டியே வரைந்திருக்க வேண்டும். அப்போது அடுக்கிய பிறகு லித்தோகிராஃபியும் சூடும் தேவைப்படாது.

மேல் கேட் கிராஃபைட் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு கிராஃபீன் அடுக்கும் 2.3 சதவீத ஒளியை உறிஞ்சும். பத்து அடுக்கில் ஒரு வழிக்கே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். லேசர் உள்ளே போய் வெளியே வர வேண்டும் என்பதால் மூன்று முதல் ஐந்து அடுக்கு போதும். கீழ் கேட் தடிமனாக இருந்தாலும் குற்றமில்லை. போரான் நைட்ரைடு காந்தத் துண்டைவிட எல்லாப் பக்கமும் சில மைக்ரோமீட்டராவது நீள வேண்டும். ஓரம் வெளியே எட்டிப் பார்த்தால் ஈரம் அந்த வழியே உள்ளே ஊர்ந்துகொண்டே போகும். இரண்டு கேட்டும் துண்டை முழுதாக மூடாவிட்டால் மூடாத பகுதி மாறாமலேயே நிற்கும். லேசர் பொட்டு அதையும் தொட்டால் ஒரே வளைவில் இரண்டு புரட்டுப் புலங்கள் தெரியும்.

இரட்டை அடுக்குதானா என்று எப்படித் தெரியும்? ஒரே தகட்டில் ஒன்று, இரண்டு, மூன்று அடுக்குப் படிகள் உள்ள துண்டை எடுத்தால் நிற மாறுபாடு சம படிகளாக ஏறும். ஆனால் தீர்ப்பு குளிர்வித்த பிறகுதான். பூஜ்ய காந்தப்புலத்தில் காந்தமாக்கம் பூஜ்யமாகவும், 0.65 டெஸ்லா அருகே ஒரே தாவலாகவும் இருந்தால் இரண்டு. பூஜ்யப் புலத்தில் மீதி காந்தம் நின்றால் ஒற்றைப்படை.

இங்கே ஒரு பொறி. அடுக்குகள் எதிரெதிராக நிற்பது அவை ஒன்றன்மேல் ஒன்று எப்படி நகர்ந்து அமர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. உரித்த துண்டில் அமைப்பு ஒற்றைச்சரிவு, அதனால் ஆன்டிஃபெரோகாந்தம். அழுத்தம் கொடுத்தால் அது சாய்சதுர அமைப்புக்கு நழுவி, அடுக்குகள் ஒரே பக்கம் பார்க்கத் தொடங்கும். 2019இல் அழுத்தச் சோதனைகளில் இதை வேண்டுமென்றே செய்தார்கள். அதே ஆண்டு வைரத்துக்குள் இருக்கும் ஒற்றை ஸ்பின்னைக் காந்த உணரியாக வைத்து வருடிய இன்னொரு குழுவின் மாதிரியில் ஒரு துளை விழுந்த பிறகு அடுக்குகளின் இணைப்பே மாறியிருந்தது. ஆகவே அடுக்கும்போது முட்டிய குமிழியோ அழுத்திய முனையோ உங்கள் சாதனத்தின் ஒரு மூலையை ஃபெரோகாந்தமாக்கியிருக்கலாம். கேட்டைத் தொடுவதற்கு முன்னரே, பூஜ்ய வோல்ட்டில், துண்டு முழுவதையும் ஒரு முறை வருடிப் படமெடுங்கள். சீரான பகுதியை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு பிறகு கேட் கொடுங்கள்.

அளப்பது

ஒளி வழி அளவுக்கு 633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், 50 கிலோஹெர்ட்ஸ் ஒளி-மீள்திறன் பண்பேற்றி (ஒளியை இடச்சுழலாகவும் வலச்சுழலாகவும் மாற்றி மாற்றித் திருப்புவது), லாக்-இன் பெருக்கி (அந்த அதிர்வெண்ணில் வரும் சிக்னலை மட்டும் பிரித்தெடுப்பது). இடச்சுழல், வலச்சுழல் ஒளியின் எதிரொளிப்பு வித்தியாசமே காந்தமாக்கத்தின் அளவு. பொட்டின் அகலம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். ஆற்றல் பத்து மைக்ரோவாட்டுக்குள், முடிந்தால் ஒன்றில். குளிர்கலத்தின் ஜன்னலும் லென்ஸும்கூடக் காந்தப்புலத்தில் ஒளியைச் சுழற்றும். அது காந்தப்புலத்தோடு நேர்கோடாக ஏறும் பின்னணி. துண்டில்லாத இடத்தில் அதே அளவைச் செய்து கழியுங்கள்.

கேட்டுகளுக்கு இரண்டு கீத்லி மூலமானிகள் (வோல்டேஜைக் கொடுத்து மின்னோட்டத்தையும் அளக்கும் கருவிகள்) போதும். கசிவு உச்சவரம்பை ஒரு நானோஆம்பியரில் வையுங்கள். பத்து மெகாஓம் தொடர் மின்தடை போட்டால் அந்தக் கசிவுக்கு விழும் வோல்டேஜ் நூறில் ஒரு வோல்ட்தான்; உடைவு வந்தாலோ சாதனத்தைக் காப்பாற்றும். ஏற்றும் வேகம் நொடிக்கு 0.1 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். கசிவை வேறு கோப்பில் வைக்காதீர்கள். காந்த அளவு பதியும் அதே வரியில் பதியட்டும்.

எதிரொளிப்புச் சிக்னலின் உயரத்தைப் பார்த்து முடிவு சொல்பவர்கள்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. மின்னூட்டம் ஏறினால் குரோமியம் அயோடைடின் ஒளி உறிஞ்சலே மாறும். காந்தம் துளிகூட மாறாமல் சிக்னல் பத்து சதவீதம் ஏறியதுபோலத் தெரியலாம். இரண்டு காப்பு உண்டு. ஒவ்வொரு கேட் புள்ளியிலும் ±1 டெஸ்லாவில் நிறைவு சிக்னலை அளந்து அதனால் வகுப்பது ஒன்று. உயரத்தை விட்டுவிட்டுப் புரட்டுப் புலம் எத்தனை டெஸ்லாவில் நிற்கிறது என்பதை மட்டும் எடுப்பது இன்னொன்று. இரண்டாவதையே விரும்புகிறேன், அது கிடைமட்ட அச்சின் எண், ஒளியியலின் கோளாறு அதைத் தொடாது.

இப்போது பிரிப்பு. காந்தப்புலத்தைப் புரட்டுப் புலத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். மேல் கேட்டை ஒரு அச்சிலும் கீழ் கேட்டை இன்னொரு அச்சிலும் வைத்து முழு வரைபடம் எடுங்கள். சம சிக்னல் கோடுகள் எந்தச் சரிவில் ஓடுகின்றன என்று பாருங்கள். மின்னூட்டம் மாறாத கோட்டுக்கு இணையாக ஓடினால் அங்கே வேலை செய்வது மின்னூட்டம். புலம் மாறாத கோட்டுக்கு இணையாக ஓடினால் வேலை செய்வது புலம். பெரும்பாலும் இரண்டும் கலந்து கோடு சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வே ஒவ்வொன்றின் பங்கு.

எதிர்பார்க்க வேண்டியது: எலக்ட்ரான் ஏறினால் புரட்டுப் புலம் சரியும். ஒற்றை அடுக்கில் துளைகள் ஏறினால் நிறைவுக் காந்தம், மறிப்புப் புலம் (காந்தத்தைப் புரட்ட வேண்டிய எதிர்ப்புலம்), கியூரி வெப்பநிலை மூன்றும் கூடும். எலக்ட்ரான் ஏறினால் குறையும். தூய புலத்தின் விளைவு வேறு வகை. ஆன்டிஃபெரோகாந்த நிலையில் இரட்டை அடுக்குக்குக் காலத் தலைகீழ்ச் சமச்சீரும் (ஸ்பின்களை எல்லாம் புரட்டினாலும் அதே நிலை) இல்லை, மையச் சமச்சீரும் (நடுப்புள்ளி வழியே எதிர்ப்பக்கம் மாற்றினாலும் அதே நிலை) இல்லை. அதனால் மின்புலத்துக்கு நேர்விகிதத்தில் சிறு காந்தமாக்கம் தோன்றும். குரோமியம் ஆக்சைடில் டிசியாலோஷின்ஸ்கி 1959இல் கணித்து, அஸ்ட்ரோவ் 1960இல் அளந்த அதே நேரியல் விளைவுதான் இது; இங்கே இரண்டே அடுக்கில்.

இந்தச் சமச்சீர்தான் சோதனைக்கும் கருவி. மேல்-கீழ், கீழ்-மேல் என்று ஆன்டிஃபெரோகாந்த நிலை இரண்டு வகை. +2 டெஸ்லாவிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் பெரும்பாலும் ஒன்றும், −2இலிருந்து இறங்கினால் மற்றொன்றும் கிடைக்கும். முதலாவதில் நேரியல் விளைவு நேர்க்குறி என்றால் இரண்டாவதில் எதிர்க்குறியாக வந்தே ஆக வேண்டும். அடுத்து, ஒரு டெஸ்லாவில் இரண்டு அடுக்கையும் ஒரே பக்கம் திருப்பி ஃபெரோகாந்தமாக்குங்கள். மையச் சமச்சீர் திரும்பிவிட்டதால் நேரியல் விளைவு மறைய வேண்டும். அதே சாதனம், அதே இடம், அதே கேட் வோல்ட். மறையவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது ஒளியியலோ மின்னூட்டமோ, காந்த-மின் விளைவு அல்ல. ஒற்றை அடுக்குத் துண்டு பக்கத்தில் இருந்தால் அதிலும் பாருங்கள். மையச் சமச்சீர் உள்ள அதிலும் ஒன்றும் வரக்கூடாது.

சூட்டைப் பிரிப்பது எளிது. சூடு வோல்ட்டின் குறியைப் பார்க்காது. +12க்கும் −12க்கும் புரட்டுப் புலம் ஒரே அளவு சரிந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். கணக்கும் போடலாம். பத்து வோல்ட்டில் ஒரு நானோஆம்பியர் கசிந்தால் பத்து நானோவாட். ஒரு மைக்ரோவாட் லேசருக்கு முன் அது ஒன்றுமில்லை. அதே கசிவு ஒரு மைக்ரோஆம்பியர் ஆனால் பத்து மைக்ரோவாட். துண்டின் அடியில் அடுப்பு மூட்டியதற்குச் சமம்.

குழப்பும் விஷயங்கள் இன்னும் இரண்டு. முதலாவது, பூஜ்ய வோல்ட் என்பது பூஜ்ய மின்னூட்டம் அல்ல. தொடுமுனைக் கிராஃபைட்டிலிருந்து எலக்ட்ரான்கள் தாமாகவே குரோமியம் அயோடைடுக்குள் பாயும். ஆகவே "இவ்வளவு ஏற்றினோம்" என்பதை எப்போதும் மாற்றமாக மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது, லேசர் விழும்போது போரான் நைட்ரைடின் குறைகளிலிருந்து மின்னூட்டம் விடுபட்டுக் கேட் புலத்தை மெல்ல மறைக்கும். அறிகுறி: கேட்டை ஏற்றி இறக்கினால் வளைவு வந்த வழியே திரும்பாது, காத்திருக்கக் காத்திருக்க நகரும். லேசரை அணைத்து, இருட்டில் கேட்டை மாற்றி, பிறகு குறைந்த ஒளியில் அளந்து ஒப்பிடுங்கள். நகர்வு இருட்டில் நின்றுபோனால் காரணம் அதுவே. தொடுமுனை நான்கு கெல்வினில் உறைந்து மின்னூட்டம் மெதுவாக ஏறுவதும் இதேபோலத் தோன்றும். ஆனால் அது 20 கெல்வினுக்குச் சூடேற்றினால் வேகமெடுக்கும்.

மின்வெட்டு பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022, 2023இல் அது ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டம் வரை போனது. ஆனால் குளிர்கலத்துக்கு அதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். நான்கு கெல்வின் கம்ப்ரஸர் ஆறேழு கிலோவாட் கேட்கும் மூன்று-ஃபேஸ் இயந்திரம். அறையில் இருக்கும் யுபிஎஸ் அதைத் தாங்காது. யுபிஎஸ்ஸை மூலமானி, லாக்-இன், கணினி ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்குங்கள். இரட்டை மாற்று வகையாக (வரும் மின்சாரத்தை அப்படியே விடாமல் எப்போதும் தானே மாற்றிக் கொடுப்பது) இருக்கட்டும், ஏனென்றால் கேட்டை உடைப்பது மின்சாரம் போகும் நொடியைவிடத் திரும்பும் நொடிதான். அட்டவணை தெரிந்த வெட்டுக்கு அரை மணி முன்பே மீக்கடத்து காந்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். காந்தம் ஏறியிருக்கும்போது குளிர் போனால் முழு ஆற்றலும் சூடாக வெளியேறி மின்கம்பிச் சுருளுக்கே ஆபத்து. பிறகு இரண்டு கேட்டையும் மெல்லப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, குறுக்கிணைப்புச் சுவிட்சால் தரையோடு சேர்த்துவிடுங்கள். மாதிரி 45 கெல்வினைத் தாண்டிச் சூடாகியிருந்தால் பழைய ஆன்டிஃபெரோகாந்த நிலை அழிந்திருக்கும். குளிர்ந்ததும் ±2 டெஸ்லா வழியாக மறுபடி நிலையைத் தேர்ந்தெடுக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், பாதித் தரவு ஒரு குறியிலும் மீதி எதிர்க்குறியிலும் வந்து சேரும்.

மின்காப்புக்குப் பதில் அயனிகளால் மின்னூட்டம் ஏற்றும் அயனிக் கேட்டைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. இரும்பு ஜெர்மானியம் டெல்லூரைடு உலோகம் என்பதால் போரான் நைட்ரைடு கேட் அதை அசைப்பது கடினம். 2018இல் லித்தியம் அயனிக் கேட்டால் சில அடுக்குத் துண்டின் கியூரி வெப்பநிலையை அறை வெப்பநிலை வரை ஏற்றினார்கள். குரோமியம் ஜெர்மானியம் டெல்லூரைடில் அயனித் திரவத்தால் 200 கெல்வின் வரை போனதாக 2020இல் வந்தது. எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் அங்கே மின்னூட்டம் 10¹⁴ அளவில் ஏறுகிறது, அயனி அடுக்குகளுக்கு நடுவே நுழையவும் முடியும், கேட் ஒரு பக்கம்தான். புலத்தைத் தனியே பிரிக்கும் பேச்சுக்கே அங்கே வழியில்லை. மின்னூட்டம் என்றே எழுதிவிட்டால் வம்பில்லை.

ஹீலியம் குளிர்கலமும் கிளவ் பாக்ஸும் இல்லாத இடத்தில் தொடங்குபவருக்கு என் பரிந்துரை குரோமியம் சல்ஃபைடு புரோமைடு. காற்றில் உரிக்கலாம். ஆன்டிஃபெரோகாந்த வெப்பநிலை 132 கெல்வின், ஆகவே 77 கெல்வின் திரவ நைட்ரஜனே போதும். குடுவையில் தோய்க்கும் கம்பிக்குக் கம்ப்ரஸரும் வேண்டாம், மின்வெட்டும் பொருட்டல்ல. அது குறைகடத்தி என்பதால் ஒளியியல் இல்லாமல் மின்தடையை அளந்தே காந்த நிலையைப் படிக்கலாம்: அடுக்குகள் ஒரே பக்கம் திரும்பினால் மின்தடை விழும். ஆனால் அதன் ஸ்பின்கள் தளத்துக்குள் படுத்திருக்கின்றன, செங்குத்து ஒளி அளவில் ஒன்றும் தெரியாது. உரித்த துண்டு நீளமான பட்டையாக வரும். நீளம் ஏ அச்சு, ஸ்பின்கள் விரும்புவது அதற்குக் குறுக்கே உள்ள பி அச்சு. காந்தப்புலத்தைப் பட்டையின் குறுக்கே, தளத்துக்குள் வைத்தால் அரை டெஸ்லாவுக்குள்ளேயே புரளும். நீளவாக்கில் வைத்துவிட்டு "தாவலே இல்லையே" என்று துண்டைக் குறை சொல்லாதீர்கள். அந்தத் திசையில் ஸ்பின்கள் தாவாமல் மெல்லச் சாய மட்டும் செய்யும்.